பாடு யாருடையது?

கரண்ட் போனால்தான் இந்த நாட்டுக்கு நுரைச்சோலை ஞாபகம் வரும். "நுரைச்சோலையில் ஒரு மெஷின் நின்றுவிட்டதாம்" என்று செய்தி ஓடும், நாமும் மெழுகுதிரி தேடத் தொடங்குவோம். எங்கட பெட்ச்சில் நுரைச்சோலைக்காரன் ஒருவன் இருக்கிறான். முதலாம் வருஷத்தில் அவனுக்கு வைத்த பட்டப்பெயரே 'பவர் கட்'. அவனுடைய ஊரில் கடல் இருக்கிறது, கரைவலை இழுக்கிறார்கள் என்பதெல்லாம் போன லீவுக்கு அவனோடு போகும்வரை எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

அங்கே கரையில் வைத்து அவனுடைய மாமா எங்களிடம் கேட்ட முதல் கேள்வி, "நீங்க இப்ப நிக்கிறது யார்ட பாடு எண்டு தெரியுமா மகன்?" நாங்கள் முழித்தோம். பாடு என்றால் எங்களுக்குத் தெரிந்தது படுகிற பாடுதான். அவர் சிரித்துவிட்டு மணலில் காலால் ஒரு கோடு போட்டார். அந்தக் கோட்டின் பின்னால் போனதுதான் இந்தக் கட்டுரை.

கரைவலை தெரியாதவர்களுக்கு முதலில் அதைச் சொல்லிவிடுகிறோம். வலையின் ஒரு பக்கத்துக் கயிற்றைக் கரையில் விட்டுவிட்டு வள்ளம் கடலுக்குள் போகும். அரைவட்டமாக வலையை இறக்கிக்கொண்டே சுற்றி வந்து, மற்றப் பக்கத்துக் கயிற்றைக் கொஞ்சம் தள்ளிக் கரை சேர்க்கும். பிறகு இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று இழுக்க இழுக்க நடுவில் இருக்கும் மடி மீனோடு வந்து சேரும். இதற்கு நீளமான கரை வேண்டும். அடியில் பாறை இருக்கக்கூடாது. குறுக்கே வேறு வலை, வேறு வள்ளம் நிற்கக்கூடாது. அப்படி ஒரு வலையை வளைக்கக்கூடிய கரைத்துண்டும் அதற்கு முன்னால் உள்ள கடலும் சேர்ந்ததுதான் ஒரு பாடு. அதற்கு எல்லை உண்டு. ஒரே பாட்டில் பல வலைகள் இருந்தால் யார் இன்றைக்கு, யார் நாளைக்கு என்று முறை உண்டு. சிங்களத்திலும் அதற்குப் பெயர் 'பாடுவ' தான். வாடி, தெப்பம் மாதிரி இந்தக் கரையில் இரண்டு மொழிக்கும் பொதுவாகிப்போன சொற்களில் அதுவும் ஒன்று.

கடல் எல்லாருக்கும் பொது, யாரும் போகலாம், யாரும் பிடிக்கலாம் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். பொருளியல் வகுப்பிலும் பொதுச்சொத்து என்றால் ஆளாளுக்கு அள்ளி அழித்துவிடுவார்கள் என்றுதான் படிப்பித்தார்கள். கரையில் நடந்தது அதுவல்ல. திணைக்களம் வருவதற்கு எவ்வளவோ முன்பே இங்கே சட்டம் இருந்திருக்கிறது. எழுதப்படாத சட்டம், அவ்வளவுதான்.

அந்த எழுதாத சட்டம் எழுதப்பட்ட சட்டமாக மாறிய இடத்தைப் பார்க்க நுரைச்சோலையில் இருந்து தெற்கே நீர்கொழும்புக்குப் போக வேண்டும். அங்கே களப்பு கடலோடு சேரும் வாயில் 'கட்டுதெல்' என்று ஒரு வலைமுறை இருக்கிறது. இரவில் வற்று நீர் கடலை நோக்கி ஓடும்போது அதோடு இறால் வெளியேறும். நீரோட்டத்துக்குக் குறுக்கே கம்புகளை நட்டு வலையைக் கட்டி அந்த இறாலைப் பிடிக்கிறார்கள். நல்ல இடங்கள் கொஞ்சம்தான் என்பதால் சீட்டுக் குலுக்கி இடம் பிரிக்கிறார்கள். இன்றைக்கு நல்ல இடம் கிடைத்தவருக்கே நாளைக்கும் அது கிடைக்காது. நான்கு சங்கங்கள் சேர்ந்து நடத்தும் இந்த ஏற்பாடு 250 வருஷங்களுக்கு மேலாக நிலைத்திருக்கிறது என்று 1997 இல் வந்த ஓர் ஆய்வு சொல்கிறது. அப்படியென்றால் ஒல்லாந்தர் காலம். அவர்கள் போய், ஆங்கிலேயர் வந்து போய், சுதந்திரமும் கிடைத்த பிறகு 1958 இல் அரசாங்கம் இந்த முறையையே கட்டுதெல் ஒழுங்குவிதிகளாக எழுதியது. மீனவர்கள் அரசின் விதிக்குக் கட்டுப்பட்டதாகத்தான் வழக்கமாக வரலாறு வாசிப்போம். இங்கே அரசு மீனவர்களின் விதியைப் பார்த்து எழுதியிருக்கிறது.

இதை வாசித்தபோது எங்களுக்குச் சரியான சந்தோஷம். உடனே 'எங்கட முன்னோர்கள் அப்பவே' என்று ஒரு பதிவு போடலாம் போல இருந்தது. நல்லவேளை போடவில்லை.

ஏனென்றால் அந்தச் சங்கங்களில் யார் சேரலாம் என்று அடுத்ததாகப் பார்த்தோம். ஆணாக இருக்க வேண்டும். கத்தோலிக்கராக இருக்க வேண்டும். அந்த ஊரில் வசிக்க வேண்டும், பரம்பரையும் அந்தத் தொழிலில் இருந்திருக்க வேண்டும். தமிழ்நாட்டில் பழவேற்காடு ஏரியிலும் இதே பெயரில், இதே மாதிரி ஒரு பாட்டுமுறை இருக்கிறது. (கற்பிட்டி, நீர்கொழும்பு, பழவேற்காடு மூன்றிலும் ஒல்லாந்தர் கோட்டை கட்டியிருக்கிறார்கள். அவர்களுக்கும் களப்பு வாய் என்றால் நல்ல விருப்பம் போல.) பழவேற்காட்டில் பாடு குறிப்பிட்ட சில ஊர்களின் பட்டினவர் சாதியினருக்கு உரியது. அதே ஏரியில் இடுப்பளவு தண்ணீரில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர்களுக்கு அந்தச் சீட்டுக் குலுக்கலில் பெயர் கிடையாது. சட்டப்படி 'பழங்குடி' என்ற அந்தஸ்து இருக்கிறவர்கள் அந்த இருளர்கள்தான்.

பூர்வீக மக்களோடு சேர்ந்து கடல்வளத்தை முகாமை செய்ய வேண்டும் என்று இப்போது எல்லா அறிக்கையிலும் இருக்கிறது. அந்தப் பூர்வீக மக்கள் யார் என்பதில்தான் சிக்கல். இலங்கையில் அந்தச் சொல் வந்தாலே தம்பான, அம்பும் வில்லும் என்று ஒரு படம் மனதில் ஓடும். வாகரை, மூதூர்ப் பக்கம் தமிழ் பேசி, களப்பிலும் கடலிலும் மீன்பிடிக்கும் கரையோர வேடர்கள் அந்தப் படத்தில் வருவதில்லை. செலிக்மன் தம்பதியினர் 1911 இலேயே வேடர்கள் பற்றிய தங்கள் நூலில் அவர்களைப் பற்றியும் எழுதிவிட்டார்கள்.

புத்தளத்தில் இன்னும் சிக்கல். களப்பைச் சுற்றி முக்குவர், கரையார், முஸ்லிம்கள், கத்தோலிக்கர், தமிழ் பேசுகிறவர்கள், தமிழில் இருந்து சிங்களத்துக்கு மாறியவர்கள் எல்லாரும் இருக்கிறார்கள். காற்றுக்குத் தக்க இடம்மாறி, சீசனுக்கு மட்டும் வந்து வாடி போடும் நீர்கொழும்பு, சிலாபம் ஆட்களும் இருக்கிறார்கள். இதற்குமேல் 1990 ஒக்டோபர் வந்தது. விடுதலைப் புலிகள் வடக்கில் இருந்து ஏறத்தாழ 75,000 முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். பெரும்பாலானோர் வந்து சேர்ந்தது புத்தளம் மாவட்டத்துக்கு. அவர்களில் மன்னார்க் கடலில் தொழில் செய்த குடும்பங்களும் இருந்தன. அங்கே தங்களுக்கென்று கரையும் முறையும் வைத்திருந்தவர்கள், இங்கே மற்றவருடைய பாட்டின் ஓரத்தில் வந்து நின்றார்கள். முப்பது வருஷத்துக்கு மேலாகிவிட்டது. இந்தக் கரையில் பிறந்த அவர்களின் பிள்ளைகள் எங்கட வயது. எங்களில் ஒருத்தியின் குடும்பமும் அப்படி வந்ததுதான். இந்தப் பகுதியை எழுதும்போது அவள் கேட்டாள்: "அப்ப நான் எந்தக் கடலுக்குப் பூர்வீகம்?" எங்களிடம் பதில் இருக்கவில்லை.

சரி, நுரைச்சோலைக்குத் திரும்புவோம். 900 மெகாவாட் அனல் மின்நிலையம் இங்கே சும்மா வந்துவிடவில்லை. மீனவர்களும் கத்தோலிக்கத் திருச்சபையும் பல வருஷம் எதிர்த்தார்கள். தலவில் அன்னம்மாள் ஆலயம் பக்கத்தில்தான் இருக்கிறது. திட்டம் தள்ளித் தள்ளிப்போய், 2006 இல் வேலை தொடங்கியது. முதல் கட்டம் 2011 இல் இயங்க ஆரம்பித்தது, மற்ற இரண்டும் 2014 இல். கரி கப்பலில் வருகிறது. கப்பல் தள்ளி நிற்க, பார்ஜ்களில் ஏற்றி, கடலுக்குள் நீண்டிருக்கும் இறங்குதுறைக்குக் கொண்டுவருகிறார்கள்.

எங்களை யோசிக்க வைத்தது கலண்டர்தான். தென்மேல் பருவக்காற்று அடிக்கும் மாதங்களில் இந்தக் கடல் கொந்தளிக்கும், கரி இறக்க முடியாது. அதனால் செப்டெம்பர், ஒக்டோபரில் தொடங்கி ஏப்ரல் வரைக்கும் தான் கரி இறக்குகிறார்கள். கரைவலைக்கும் அதே கடல்தான் வேண்டும், அதே அமைதியான மாதங்கள்தான். வருஷத்தில் பாதிக்கு ஒருவருக்கும் உதவாத கடல், மற்றப் பாதியில் இரண்டு பேருக்கும் ஒன்றாகத் தேவைப்படுகிறது. ஒரே பாட்டில் இரண்டு வலை வந்தால் என்ன செய்வது என்பதற்கு இந்தக் கரையில் எப்போதோ ஒரு பதில் இருந்தது. முறை வைப்பது. வலைக்கும் பார்ஜுக்கும் யார் முறை வைப்பது?

இறங்குதுறைக்கும் முறை கிடையாது. அது நிரந்தரமாக நிற்கிறது. அரைவட்டமாக வளைத்து இழுக்கிற வலை, நடுவில் ஒரு தூண் இருந்தாலும் அதைத் தாண்டி வராது. பெரிய திட்டமென்றால் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கையைப் பொதுமக்கள் பார்வைக்கு 30 வேலை நாட்கள் வைக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. நல்ல சட்டம். ஆனால் அந்த மாதிரி அறிக்கைகளின் வரைபடத்தில் காணி இருக்கும், வீதி இருக்கும், ஆழம் இருக்கும். கடலுக்குள் நீளும் பாட்டின் எல்லை இல்லாவிட்டால், அதை இழக்கிறவர் எந்தப் பக்கத்தைக் காட்டிப் பேசுவார்?

1996 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் கடற்றொழில் சட்டத்தில் முகாமைத்துவப் பிரதேசங்களை அறிவிக்கவும், அங்கே மீனவர்களைக் கொண்டு குழுக்கள் அமைக்கவும் இடம் இருக்கிறது. 2009 இல் இருந்து 2013 வரை உலக உணவு விவசாய அமைப்பின் ஒரு திட்டம் புத்தளம், சிலாபம், நீர்கொழும்புக் களப்புகளில் மீனவர்களோடு சேர்ந்து முகாமை செய்வதற்கு வேலை பார்த்தது. அதே அமைப்பின் 2014 ஆம் ஆண்டு வழிகாட்டல்களும் வழக்காறாக வந்த உரிமைகளை மதிக்கச் சொல்கின்றன. அதில் எங்களுக்குப் பிடித்தது, அந்த மதிப்பைப் 'பழங்குடி' என்ற பெயர் இருக்கிறவர்களோடு மட்டும் அவர்கள் நிறுத்தவில்லை என்பது.

குழு அமைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நாங்கள் சொல்லவில்லை. பொதுச்சொத்தை மக்களே பராமரிப்பார்கள் என்று காட்டி 2009 இல் நோபல் பரிசு வாங்கிய எலினோர் ஒஸ்ட்ரோம், தன் 1990 ஆம் ஆண்டு நூலில் தோல்விக்கு உதாரணமாக எடுத்ததில் ஒன்று இலங்கைதான். தென்கரையில் ஒரு கரைவலைக் கிராமம். முறை வைப்பதில் அவர்கள் கெட்டிக்காரர்கள். ஆனால் வலைகளின் எண்ணிக்கை கூடிக்கொண்டே போனது. கட்டுப்படுத்த விதி இருந்தும், அரசியல் செல்வாக்கு உள்ளவர்கள் அதைச் செயற்பட விடவில்லை. கடைசியில் எல்லாருக்கும் நியாயமாக முறை வந்தது, மாதக்கணக்கில் காத்திருந்த பிறகு.

எங்கட கதைக்கு வருவோம். பாடநெறி ஒன்றுக்காக அந்தப் பயணத்துக்கு ஒரு படிவம் தயாரித்துக் கொண்டுபோயிருந்தோம். குடும்பத் தலைவர், தொழில், காணி உறுதி உண்டா, சொந்தப் படகு உண்டா. மாமா அதை வாங்கி நிதானமாக வாசித்தார். அவரிடம் உறுதியும் இல்லை, படகும் இல்லை. சம்மாட்டியின் வலையில் இழுக்கிறவர் அவர். எங்கட படிவத்தின்படி அவருக்கு இழப்பதற்கு ஒன்றுமே இல்லை.

படிவத்தைத் திருப்பி வைத்துப் பின்பக்கத்தில் கரையை வரையச் சொன்னோம். மாமா ஒவ்வொரு பாடாகக் கோடு போட்டார், எது யாருடைய பெயரில், எங்கே பாறை, எங்கே இப்போது வளைக்க முடியாது என்று. பக்கத்தில் கருவாடு புரட்டிக்கொண்டிருந்த மாமி எட்டிப் பார்த்தார்.

"எல்லாம் சரி. நாங்க மீன் காயப்போடுற இடம் எங்க?"

மாமா பேனையை அவரிடம் கொடுத்தார்.