ஒரு நாளைக்கு 5 மார்க்

வருஷா வருஷம் நவம்பர் மாசம் அப்பாவை வங்கிக்குக் கூட்டிக்கொண்டு போவது என் வேலை. பென்ஷன் வாங்குகிறவர் உயிரோடுதான் இருக்கிறார் என்று சான்றிதழ் கொடுக்கணும். விரல் வைத்தால் போதும் என்கிறார்கள், ஆனால் அப்பாவின் ரேகை அந்த மெஷினுக்குப் பிடிபடாது. போன தடவை நாலு முறை வைத்துப் பார்த்துவிட்டு, "என்னடா, நான் இல்லேங்குதா?" என்று சிரித்தார்.

அந்த க்யூவில் நிற்கும்போதுதான் இந்தப் பதிவு மனசில் வந்தது. இதே மாதிரி ஒரு சான்றிதழை இஸ்ரேலிலும் அமெரிக்காவிலும் சில வயசானவர்கள் வருஷா வருஷம் நிரப்பி அனுப்புகிறார்கள். அதுவும் ஜெர்மனியிடமிருந்து வரும் பணத்துக்காக. யார் தங்களை ஒரு காலத்தில் உயிரோடு விடக்கூடாது என்று முடிவு செய்தார்களோ, அந்த நாட்டுக்கே "நான் இன்னும் இருக்கேன்" என்று கையெழுத்துப் போட்டுத் தருகிறார்கள். டாம் செகெவ் எழுதிய 'தி செவன்த் மில்லியன்' படித்ததிலிருந்தே இதைப் பற்றி எழுதணும் என்று இருந்தேன். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

1951-ஐ நினைத்துப் பாருங்கள். இஸ்ரேல் பிறந்து மூணு வருஷம். ஆறரை லட்சம் யூதர்கள் இருந்த இடத்தில் கிட்டத்தட்ட இன்னும் ஏழு லட்சம் பேர் வந்து இறங்கியிருக்கிறார்கள். கிட்டத்தட்ட பாதிப் பேர் ஐரோப்பாவிலிருந்து வந்தவர்கள், மீதிப் பேரில் பெரும்பாலோர் அரபு நாடுகளிலிருந்து வந்தவர்கள். ஜனங்கள் தகரக் கொட்டகையிலும் கூடாரத்திலும் இருக்கிறார்கள். முட்டை, எண்ணெய், சர்க்கரை எல்லாம் ரேஷன். கஜானாவில் அன்னியச் செலாவணி கிடையாது.

அந்த மார்ச் மாசம் இஸ்ரேல் நாலு வல்லரசுகளுக்கும் ஒரு கடிதம் எழுதியது. கணக்கு எளிமையானது: 5 லட்சம் அகதிகளைக் குடியமர்த்த தலைக்கு 3,000 டாலர், ஆக 150 கோடி டாலர். அதில் 100 கோடி மேற்கு ஜெர்மனியும் 50 கோடி கிழக்கு ஜெர்மனியும் தரணும். செத்த 60 லட்சம் பேருக்கு எவ்வளவு என்ற கேள்விக்குள் அவர்கள் போகவே இல்லை. அதற்கு யார் விலை போடுவது? கிழக்கு ஜெர்மனி கடைசிவரை இஸ்ரேலுக்குக் காலணா தரவில்லை. 1990 ஏப்ரலில் அதன் பாராளுமன்றம் மன்னிப்புக் கேட்டது, அதே வருஷம் அக்டோபரில் அந்த நாடே இல்லாமல் போனது.

மேற்கு ஜெர்மனியின் அடினாவர் 1951 செப்டம்பர் 27 அன்று பாராளுமன்றத்தில் பேசினார். ஜெர்மன் மக்களின் பெயரால் சொல்லமுடியாத குற்றங்கள் நடந்தன, அதற்குப் பொருளாகவும் ஈடுசெய்ய வேண்டும் என்பது சாரம். "பெயரால்" என்ற அந்த வார்த்தையைக் கவனியுங்கள். மக்கள் செய்தார்கள் என்று அவர் சொல்லவில்லை. வக்கீலாச்சே!

இனிமேல்தான் பிரச்சனையே. அந்தப் பணத்தைத் தொடலாமா?

1952 ஜனவரி 7. ஜெருசலேமில் பாராளுமன்றம் அப்போது கிங் ஜார்ஜ் தெருவில் ஒரு சாதாரணக் கட்டடத்தில் இருந்தது. கொஞ்ச தூரத்தில் சீயோன் சதுக்கத்தில் மெனாஹெம் பிகின் கூட்டம் போட்டுப் பேசுகிறார். பிகினின் அப்பா, அம்மா, சகோதரன் மூணு பேரையும் நாஜிகள் கொன்றிருந்தார்கள். ரத்தத்தை விற்பதா என்று அவர் கேட்க, கூட்டம் பாராளுமன்றத்தை நோக்கிக் கிளம்பியது. கல்லெறி, ஜன்னல் கண்ணாடிகள் நொறுங்கின, கண்ணீர்ப்புகை சபைக்குள்ளேயே வந்தது. போலீஸும் பொதுமக்களுமாக நூறு பேருக்கு மேல் காயம். பிகின் உள்ளே வந்து பேசிய பேச்சுக்காகப் பின்னால் மூன்று மாதம் சபையிலிருந்து விலக்கி வைத்தார்கள். எதிர்த்தது வலதுசாரிகள் மட்டும் இல்லை. இடதுசாரிகளும் எதிர்த்தார்கள்.

எனக்குச் சுவாரசியமாகப் பட்டது பென் குரியன் தரப்பு வாதம்தான். பைபிளில் ஒரு கதை. நாபோத் என்பவனின் திராட்சைத் தோட்டத்துக்கு ஆசைப்பட்ட ஆகாப் ராஜாவுக்காக அவன் மனைவி பொய்க் குற்றம் சாட்டி நாபோத்தைக் கல்லெறிந்து கொல்ல வைக்கிறாள். ராஜா தோட்டத்தை எடுத்துக்கொள்ளப் போகும்போது எலியா தீர்க்கதரிசி வந்து, கொன்றதும் இல்லாமல் சொத்தையும் எடுத்துக்கொண்டாயா என்று கேட்கிறார். (சண்டே ஸ்கூல் போன நண்பர்களுக்கு நன்றாக ஞாபகம் இருக்கும்.) அதைத்தான் பென் குரியன் பிடித்துக்கொண்டார். பணம் வேண்டாம் என்றால் கொன்றவனே வாரிசாகவும் ஆகிவிடுவான் அல்லவா? வீடு, கடை, பட்டறை, பியானோ எல்லாம் அவனிடமே இருக்கட்டும் என்று விட்டுவிடுவதா?

ரெண்டு நாள் கழித்து ஓட்டு. 61 பேர் ஆதரவு, 50 பேர் எதிர்ப்பு. நான் அங்கே இருந்திருந்தால் எந்தப் பக்கம் கை தூக்கியிருப்பேன்? பிகின் பேச்சைப் படிக்கும்போது பிகின் பக்கம், ரேஷன் க்யூவைப் பற்றிப் படிக்கும்போது பென் குரியன் பக்கம். இன்றுவரை அப்படித்தான் ஆடிக்கொண்டிருக்கிறது.

பேச்சுவார்த்தை ஹாலந்தில் வாசனார் என்ற ஊரில், மார்ச் 21 அன்று ஆரம்பித்தது. ரெண்டு பக்கமும் ஜெர்மன் தெரிந்தவர்கள்தான், ஆனாலும் ஆங்கிலத்தில்தான் பேசினார்கள். இந்தப் பக்கம் ஷின்னார், அந்தப் பக்கம் ஓட்டோ கூஸ்டர், ரெண்டு பேருமே ஸ்டுட்கார்ட் ஊர்க்காரர்கள்! அதே மாதம் அடினாவருக்கு அனுப்பிய பார்சல் குண்டு மியூனிக்கில் வெடித்து ஒரு போலீஸ் நிபுணர் இறந்தார். சொந்த அரசே பணத்தில் கஞ்சத்தனம் பண்ணுகிறது என்று கூஸ்டர் பாதியிலேயே ராஜினாமா செய்தார்.

கடைசியில் 1952 செப்டம்பர் 10, லக்சம்பர்க் நகர மன்றம். அடினாவரும் இஸ்ரேல் வெளியுறவு அமைச்சர் மோஷே ஷாரெட்டும் கையெழுத்துப் போட்டார்கள். யாரும் உரை நிகழ்த்தவில்லை. இஸ்ரேலுக்கு 300 கோடி மார்க், அதுவும் பெரும்பாலும் சரக்காக: இரும்பு, இயந்திரம், கப்பல், ரயில். கிட்டத்தட்ட மூணில் ஒரு பங்கு, பிரிட்டிஷ் கம்பெனிகளிடம் வாங்கிய எண்ணெய்க்குப் போனது. யூத அமைப்புகளின் கூட்டமைப்பான கிளெய்ம்ஸ் கான்ஃபரன்ஸுக்கு 45 கோடி மார்க். ஜெர்மன் பாராளுமன்றத்தில் 1953 மார்ச்சில் 239 பேர் ஆதரவு, 35 எதிர்ப்பு, 86 பேர் நடுநிலை. அடினாவரின் சொந்தக் கூட்டணியிலேயே நிறையப் பேர் காலை வாரிவிட, எதிர்க்கட்சியான சோஷியல் டெமாக்ரட்டுகள்தான் காப்பாற்றினார்கள். 1952-ல் எடுத்த ஒரு கருத்துக்கணிப்பில் இதை முழுசாக ஆதரித்த ஜெர்மானியர்கள் நூற்றுக்கு 11 பேர்தான்.

(பாலஸ்தீன அகதிகள் கதி என்ன என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அரபு நாடுகள் அப்போதே பான் நகரில் இதைக் கிளப்பின. அதற்குத் தனிப் பதிவு வேணும்.)

பேரிலும் சண்டை இருந்தது. ஜெர்மானியர்கள் இதற்கு வைத்த பெயர் 'வீடர்குட்மாகுங்'. மறுபடி நல்லபடியாக ஆக்குவது என்று அர்த்தம். நம்ம ஊர் 'பரிகாரம்' மாதிரி: செய்தால் தோஷம் போச்சு. இஸ்ரேல்காரர்கள் அந்த வார்த்தையைத் தொடவே இல்லை. ஏசாயா புத்தகத்தில் வரும் 'ஷிலுமிம்' என்ற சொல்லை எடுத்துக்கொண்டார்கள். கொடுக்கவேண்டியதைக் கொடு, அவ்வளவுதான், மன்னிப்பு கின்னிப்பு எதுவும் அதில் கிடையாது.

அரசாங்கத்துக்கு அரசாங்கம் கொடுத்தது ஒரு பக்கம். தனி மனிதர்களுக்கான இழப்பீட்டுச் சட்டம் 1956-ல் முழு வடிவம் எடுத்தது. என்னைத் தூங்கவிடாமல் பண்ணியது இந்தச் சட்டம்தான்.

முகாமிலோ கெட்டோவிலோ அடைபட்டிருந்த ஒவ்வொரு முழு மாதத்துக்கும் 150 மார்க். நாள் கணக்கில் 5 மார்க். ஆஷ்விட்ஸாக இருந்தாலும் அதே ரேட். உடல்நலம் கெட்டதற்குப் பென்ஷன் வேணுமென்றால், முகாமினால்தான் கெட்டது, சம்பாதிக்கும் திறன் குறைந்தது 25 சதவீதம் போய்விட்டது என்று டாக்டர் எழுதணும். பென்ஷன் தொகையோ, அவர் போருக்கு முன்னால் இருந்த நிலைக்கு ஜெர்மன் அரசு ஊழியர்களில் எந்த கிரேடு சமம் என்று பார்த்துப் போடப்பட்டது. அதாவது பேராசிரியரின் முதுகுவலியும் தையல்காரரின் முதுகுவலியும் ஒன்று இல்லை!

தூக்கமின்மை, கெட்ட கனவு, திடீரென்று அழுகை, இதெல்லாம் பிறவிக் கோளாறு, முகாமுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை என்று எழுதிய டாக்டர்கள் நிறைய. கடுப்பான கர்ட் ஐஸ்லர் என்ற மனநல மருத்துவர் 1963-ல் ஒரு கட்டுரை எழுதினார். அதன் தலைப்பே ஒரு கேள்வி: எத்தனை பிள்ளைகள் கொலையானதை ஒருத்தன் நோய்க்குறி எதுவும் இல்லாமல் தாங்கினால் அவனை ஆரோக்கியமானவன் என்று ஒத்துக்கொள்வீர்கள்? தலைப்பைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

இன்னொரு கூத்து. கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வெளியேறியவர்கள் சில பிரிவுகளில் மனு போடணும் என்றால், தாங்கள் ஜெர்மன் மொழி, கலாச்சார வட்டத்தைச் சேர்ந்தவர்கள் என்று நிரூபிக்க வேண்டும். அதற்கு மொழிப் பரீட்சை. வதைமுகாமில் அந்த மொழியில் அதட்டல் கேட்டவர்கள், பத்துப் பதினைந்து வருஷம் கழித்து அதே மொழியில் நன்றாகப் பேசிக் காட்டணும்.

இரும்புத்திரைக்கு அந்தப் பக்கம் வாழ்ந்தவர்களுக்கு இந்தச் சட்டத்தில் எதுவுமே இல்லை. அவர்களில் எஞ்சியவர்களுக்குப் பென்ஷன் நிதி வந்தது 1998-ல். ரோமா, சிந்தி மக்கள் விஷயத்தில் ஜெர்மன் உச்ச நீதிமன்றம் 1956-ல், 1943 மார்ச்சுக்கு முன்னால் நடந்தது இன ஒடுக்குமுறை இல்லை என்று தீர்ப்புச் சொன்னது. அதை மாற்றிக்கொள்ள 1963 ஆனது. அடிமை வேலை வாங்கிய கம்பெனிகளும் அரசும் சேர்ந்து 1,000 கோடி மார்க் நிதி வைத்தது 2000-ல். பணம் கொடுத்து முடித்தது 2007-ல். நடுவில் எத்தனை பேர் போய்ச் சேர்ந்தார்களோ.

ஜெர்மனி இதுவரை கொடுத்தது மொத்தம் 9,000 கோடி டாலருக்கு மேல் என்கிறது கிளெய்ம்ஸ் கான்ஃபரன்ஸ். உலகத்தில் வேறு எந்த நாடும் இப்படிச் செய்ததாக எனக்குத் தெரியவில்லை. அதையும் சொல்லத்தான் வேணும்.

அப்பாவிடம் வீட்டுக்கு வரும் வழியில் ஆட்டோவில் இதையெல்லாம் சொன்னேன். உயிர்ச் சான்றிதழில் அவர்கள் ஜெர்மன் தூதரகத்திலும் போய்க் கையெழுத்து வாங்கலாம் என்றேன். பேசாமல் கேட்டுக்கொண்டே வந்தவர், தெருமுனையில் ஆட்டோ திரும்பும்போது, "அங்கயாவது உக்கார நாற்காலி போட்டிருக்கானா?" என்றார்.