கடாரத்துச் சாளரங்கள்

சோழர் கல்வெட்டுகளில் கடாரம் என வழங்கும் கெடா, 1909ஆம் ஆண்டில் சயாமின் மேலாதிக்கத்தினின்று பிரிட்டிஷ் ஆதிக்கத்தின் கீழ் வந்தது. அதன்பின் கூலிம், சுங்கைப் பட்டாணி வட்டாரங்களில் ரப்பர்த் தோட்டங்கள் பெருகின. அங்கே உழைக்க வந்த தமிழனுக்குக் கிடைத்த இருப்பிடம் லயம். நீண்ட கட்டடம் ஒன்றை அறை அறையாகத் தடுத்து, குடும்பங்களைக் குடியமர்த்தினர். முதுகோடு முதுகாக அறைகள் அமைந்த பழைய லயங்களில் காற்று ஒருபுறம் நுழைந்து மறுபுறம் வெளியேற வழியில்லை. தகரக் கூரையோ பகலெல்லாம் வெப்பத்தைக் கீழே இறக்கியது.

அதே கெடாவில் மலாய்க்காரரின் வீடு வேறு விதமாக நின்றது. கால்களின் மேல் உயர்ந்த தளம், அத்தாப்புக் கூரை, தரையளவு தாழ்ந்த சாளரங்கள், வெயிலை மறைக்கும் நீண்ட இறவாரம். பட்டணத்துக் கடைவீடுகளிலும் மரச்சட்டப் பலகணிகளும் ஐந்தடி நடைபாதையின் நிழலும் வெயிலைத் தடுத்தன. வெப்பத்தை வெல்லும் வழி இந்நாட்டில் அறியப்படாத ஒன்றன்று. லயத்தைக் கட்டியவர்கள் அதனைக் கைக்கொள்ளவில்லை என்பதே உண்மை. அறையின் அளவையும் சாளரத்தையும் தீர்மானித்தவர் அதில் வாழ்ந்தவர் அல்லர். தொழிலாளர் குடியிருப்புக்குக் குறைந்தபட்சத் தரம் விதிக்கும் சட்டம் 1966இல் பிறந்தது. 1990இல் வேறொரு சட்டம் அதன் இடத்தைப் பெற்றது.

தோட்டங்களை விட்டுப் பட்டணம் சேர்ந்தோரின் வீடுகளில் கண்ணாடிப் பட்டைச் சாளரங்கள் பரவின. காற்றோட்டத்துக்கு அவை நல்லவை. ஆனால் குளிர்சாதனம் வந்ததும் அதே இடுக்குகள் வழியே குளிர்ந்த காற்று கசிந்து, மின்கட்டணத்தை ஏற்றியது.

இதற்கு ஐரோப்பியரின் இரட்டைக் கண்ணாடி தீர்வாகுமா? குளிர் நாட்டில் வீட்டின் உள்ளும் புறமும் 20 பாகைக்கு மேல் வேறுபடலாம்; அங்கே அது பெரும்பயன் தரும். கெடாவில் குளிரூட்டிய அறைக்கும் வெளிக்கும் உள்ள வேறுபாடு ஏறத்தாழ 8 பாகையே. இங்குப் பகை நேர் வெயிலாகும். சாதாரணக் கண்ணாடி தன்மேல் விழும் வெயிலின் வெப்பத்தில் ஏறக்குறைய 80 விழுக்காட்டை உள்ளே விடும். காலையிலும் மாலையிலும் தாழ்ந்து வரும் அவ்வெயிலைக் கிழக்கு, மேற்குச் சாளரங்களுக்கு வெளியிலேயே மறைத்தல் வேண்டும். குளிர்சாதனம் உள்ள அறையில் இடுக்குகளை அடைத்தல் வேண்டும்.

2001இல் மலேசியா வெளியிட்ட எம்.எஸ். 1525 என்னும் நெறிமுறை, பெரிய கட்டடங்களின் புறச்சுவர் வழியே புகும் வெப்பத்துக்கு எல்லை வகுத்தது. ஆயினும் அந்நெறிமுறை குடியிருப்பு வீடுகளுக்கு உரியதன்று. பெருமாளிகைக்குக் கிட்டிய நிழல் உழைப்பாளியின் சாளரத்துக்கும் கிட்டும் நாளிலேதான் லயத்தின் வரலாறு முடிவுறும்.