இழைப்புளியும் அதன்மேற் பொறித்த பெயரும்

மரத்தை இழைக்கும் கருவிக்குத் தமிழில் இழைப்புளி என்று பெயர். இழைப்பு, உளி என்னும் இரு சொற்கள் புணர்ந்து அமைந்த தொடர் அது. அகராதிகள் சீவுளி என்னும் வடிவத்தையும் தருகின்றன. அதிலும் உளியே தலைமைச் சொல். ஆங்கிலத்தில் வழங்கும் ‘பிளேன்’ என்னும் பெயர் இலத்தீன் வழிவந்தது. சமதளம் என்னும் பொருளோடு உறவுடையது. நம் நாட்டில் நாம் நாள்தோறும் கேட்கும் மலாய் மொழியில் அது ‘கெத்தாம்’; அதே ஒலிவடிவம் நண்டையும் குறிக்கும், நெற்கதிர் கொய்தலையும் குறிக்கும். ஆங்கிலம் வேலை முடிந்தபின் கிடைக்கும் பரப்பை நோக்கிப் பெயரிட்டது. தமிழோ கருவியின் உள்ளே இருப்பது எதுவென்று பார்த்துப் பெயரிட்டது.

அப்பெயர் பொருத்தமானது. இழைப்புளி என்பது ஒரு கட்டைக்குள் சாய்த்து நிறுத்தப்பட்ட உளியே. கையிற் பிடித்த உளி மரத்தின் நார் போகும் போக்கில் தானும் ஆழ்ந்து சென்றுவிடும். கட்டையின் சமமான அடிப்பரப்பு அதனை அவ்வாறு செல்லவிடாமல் தாங்குகிறது. மயிரிழை அளவே வாய்வழி வெளியே நீட்டுகிறது. இங்கிலாந்தில் அலகின் சாய்வு பெரும்பாலும் 45 பாகையாக இருந்தது. வன்மரங்களை இழைப்பதற்கு 50 பாகை வரை நிமிர்த்தினர். அலகை இறுக்கிப் பிடிப்பது ஓர் ஆப்பு. கொல்லன் அடித்துக் கொடுத்த அலகு ஒன்றும் நன்கு உலர்ந்த வன்மரத்துண்டு ஒன்றும் இருந்தால், மற்றவற்றைத் தச்சன் தானே செய்துகொள்ளலாம். செய்துகொண்டான் என்பதுதான் இவ்வுரையின் பொருள்.

கருவிக்கான மரத்தைத் தெரிவதில் ஊருக்கு ஊர் வேறுபாடு உண்டு. இங்கிலாந்தில் பீச் மரம். அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதியில் 18ஆம் நூற்றாண்டில் மஞ்சள் பர்ச் மரம். இந்தியாவில் இழைப்புளிக்கும் கொட்டாப்புளிக்கும் புளியமரத்தின் வைரம் பயன்பட்டது. கொட்டாப்புளி என்னும் பெயரிலுள்ள ‘புளி’ அம்மரத்தைக் குறிப்பதே என்று மாணவர் எண்ணக்கூடும். கொட்டாப்பிடி என்னும் வடிவமும் வழங்குவதால் அவ்வாறு துணிய இயலாது. ஆயினும் கருவி என்னவோ புளியமரத்தால் ஆனதுதான்!

பித்தளை இக்கருவிகளுக்குள் வந்ததற்குத் தெளிவான காரணங்கள் உள்ளன. அது துருப்பிடிப்பதில்லை. மரத்தின்மேல் வழுக்கிச் செல்லும். எஃகைவிட மென்மையானதாகையால், கூர்முனையில் தவறிப் பட்டாலும் எஃகு பட்டால் நேரும் அளவுக்கு முனை கெடாது. அலகைத் தட்டிச் சரிசெய்யச் சிறு பித்தளைச் சுத்தியலை இன்றும் பலர் விரும்புவது இதனால்தான். விளிம்புக்கு இணையாகக் கோடு கீறும் கட்டையில் தேய்மானம் மிகும் முகப்பிலும், மூலைமட்டத்தின் மரக்கட்டையில் உட்புற விளிம்பிலும் பித்தளைத் தகடு பதித்தனர். தமிழ்மரபில் கம்மாளர் ஐவகையினர்: கொல்லர் இரும்பையும், தச்சர் மரத்தையும், கன்னார் பித்தளையையும் செம்பையும், சிற்பியர் கல்லையும், தட்டார் பொன்னையும் ஆள்வர். ஒரு நல்ல மூலைமட்டத்தில் இவருள் முதல் மூவரின் பொருள்களும் வந்து கூடுகின்றன.

பழங்காலக் கருவிகள் நமக்குக் கிடைத்திருக்கும் விதமே வியப்பூட்டுவது. கி.பி. 79இல் எரிமலைச் சாம்பலில் புதையுண்ட பொம்பெய் நகரில் கிடைத்த உரோமானிய இழைப்புளிகளில் இரும்பு அடிப்பகுதி எஞ்சியது. உள்ளிருந்த மரம் அழிந்தது. 1545இல் மூழ்கி 1982இல் கடலிலிருந்து தூக்கப்பட்ட மேரி ரோஸ் என்னும் ஆங்கிலேயப் போர்க்கப்பலிலோ நேர்மாறு. அக்கப்பலின் தச்சர்கள் வைத்திருந்த கருவிகளில் மரக்கட்டைகளும் கைப்பிடிகளும் சேற்றில் காக்கப்பட்டன. இரும்பு பெரும்பாலும் கரைந்துபோயிற்று. இங்கிலாந்தில் இழைப்புளி செய்து விற்பது தனித்தொழிலாக வளர்ந்தது 17ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான். கப்பல் மூழ்கியதோ அதற்கு ஒன்றரை நூற்றாண்டு முன்பு.

தனித்தொழிலாக மாறியபின் இழைப்புளியின் முன்முகத்தில் செய்தவரின் பெயரை முத்திரையாக அடித்தனர். இந்த முத்திரைகளுள் ஒன்றைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பகுதியிலுள்ள ரெந்தம் என்னும் ஊரில் பிரான்சிஸ் நிக்கல்சன் என்பவர் இழைப்புளி செய்துவந்தார். அந்நாட்டில் இத்தொழில் செய்தவராகச் சான்றுடன் அறியப்படும் மிகப் பழையவர் அவரே. அவரிடம் சீசர் செலோர் என்னும் ஆப்பிரிக்க வழியினர் அடிமையாக இருந்து தொழில் கற்றார். 1753இல் நிக்கல்சன் இறந்தார். அவருடைய விருப்ப ஆவணம் செலோருக்கு விடுதலை அளித்தது. அதனுடன் வேலைமேசை, கருவிகள், 10 ஏக்கர் நிலம், தொழிலுக்குரிய மரம் ஆகியவற்றையும் அளித்தது. நீதிமன்றத் தீர்ப்புகளால் மாசசூசெட்சில் அடிமைமுறை முடிவுக்கு வந்தது 1783இல். அதற்கு 30 ஆண்டுகள் முன்னர் நிகழ்ந்தது இது. விடுதலையை மட்டும் கொடுத்துக் கருவிகளைக் கொடாதிருந்தால், அவர் கூலிக்கு வேறொருவரிடம் நிற்க நேர்ந்திருக்கும். 1784இல் இறக்கும்வரை செலோர் அதே ஊரில் தம் பெயரிலேயே இழைப்புளி செய்து விற்றார். அவை இன்று அமெரிக்க அருங்காட்சியகங்களில் உள்ளன.

அவருடைய முத்திரை மூன்று வரிகளால் ஆனது. முதல் வரியில் பெயர். மூன்றாம் வரியில் ஊர். இரண்டையும் இணைக்கும் நடுவரி ‘வாழ்கின்ற’ என்று பொருள்படும். நிக்கல்சனின் முத்திரையும் இதே அமைப்புடையது. ஆங்கிலத்தின் அந்த எச்சவடிவத்திற்குத் திணையுமில்லை, பாலுமில்லை, மரியாதை வேறுபாடும் இல்லை. எனவே உடையவருக்குப் பொருந்திய வாய்பாடு விடுதலை பெற்றவருக்கும் ஓர் எழுத்தும் மாறாமல் பொருந்திற்று. இதனைத் தமிழில் எழுதிப் பாருங்கள். ரெந்தமில் ‘வாழ்பவன்’ என்பதா, ‘வாழ்பவர்’ என்பதா? ஈற்றெழுத்தை முடிவுசெய்யாமல் நம்மால் அப்பெயர்ச்சொல்லை எழுதி முடிக்க இயலாது. அக்காலத்து எழுத்தர் ஒருவர் தமிழராய் இருந்திருந்தால் நிக்கல்சனுக்கு ‘அர்’ விகுதியும் செலோருக்கு ‘அன்’ விகுதியும் இட்டிருப்பார் என்றே நான் கருதுகிறேன். அடிமையாக இருந்த காலத்தில் செலோர் செய்த கருவிகள் உடையவரின் முத்திரையோடுதான் வெளிவந்திருக்க வேண்டும். எவை அவை என்று பெயரைக்கொண்டு பிரித்தறிய வழியில்லை.

19ஆம் நூற்றாண்டில் பிரித்தானியத் தச்சரிடையே மரமும் உலோகமும் கலந்த கருவிகள் உச்சநிலை எய்தின. ஷெஃபீல்டில் செய்யப்பட்ட சில வளைகைத் துரப்பணங்கள் பித்தளைச் சட்டத்தின் இடையே கருங்காலி நிரப்பப்பட்டவை. ஸ்காட்லாந்தின் ஏர் நகரில் ஸ்பியர்ஸ் என்பவரும், பின்னர் இலண்டனில் நாரிஸ் என்பவரும் உலோகக் கூட்டுக்குள் ரோஸ்வுட் எனும் ஈட்டி இன மரத்தை இறுக்கிப் பொருத்திய இழைப்புளிகளைச் செய்தனர். அவற்றின் விலை கூலித்தச்சர் கைக்கு எட்டாதது. எனவே பலர் வார்ப்புக் கூட்டை மட்டும் வாங்கி, அரத்தால் அராவி, தம்மிடமிருந்த வன்மரத்தைச் செதுக்கி உள்ளே பொருத்தி முடித்தனர். இப்படி முடித்த கருவிகளில் சில கடைச்சரக்கைவிட அழகானவை. சில பிடித்தால் கை நோகும்.

1869இல் அமெரிக்காவின் ஸ்டான்லி நிறுவனம் லெனார்டு பெய்லியின் உரிமங்களை வாங்கிற்று. வார்ப்பிரும்பு உடலும், அலகை ஏற்றி இறக்கும் திருகும் கொண்ட அவருடைய இழைப்புளி மெல்ல மெல்ல மரக்கட்டையை வென்றது. ஆப்பைத் தட்டிப் பழகுவதற்குத் தேவையான காலம் மிச்சமாயிற்று. அது சிறிய ஆதாயம் அன்று. ஆனால் அந்த இரும்புக் கருவியிலும் தச்சனின் கை படும் இடங்களைப் பாருங்கள்: கைப்பிடி ரோஸ்வுட் மரம், திருகுச் சக்கரம் பித்தளை.

தன் கருவியைத் தானே செய்யும் வழக்கத்துக்கு 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் புத்துயிர் கொடுத்தவர்களில் முதன்மையானவர் ஜேம்ஸ் கிரனாவ். 1920இல் சைபீரியாவின் கிழக்கு ஓரத்தில் பிறந்து, அமெரிக்காவில் வளர்ந்து, சுவீடனில் தொழில் கற்றவர். 1981இல் கலிபோர்னியாவின் ஃபோர்ட் பிராக் நகரில் தச்சுக்கல்வித் துறையொன்றைத் தொடங்கினார், 2009இல் மறைந்தார். அங்கே மாணவர் தம் இழைப்புளியைத் தாமே செய்துகொண்டனர்.

அவருடைய முறை எளியது. பழைய முறையில் முழுக்கட்டையின் நடுவே உளியால் குடைந்து அலகுக்கு இடம் செய்ய வேண்டும். அது பல ஆண்டுப் பயிற்சியைக் கேட்கும். கிரனாவ் கட்டையை நீளவாக்கில் மூன்றாக அறுத்தார். நடுத்துண்டைக் குறுக்கே சாய்வாக வெட்டி, அலகு சாயும் சரிவையும் சீவல் வெளியேறும் இடைவெளியையும் அமைத்து, இருபுறத் துண்டுகளையும் மீண்டும் பசையிட்டு ஒட்டினார். ஆப்பு முட்டி நிற்க ஒரு குறுக்குத்தண்டு. அதை வன்மரத்தாலோ பித்தளைக் கம்பியாலோ செய்யலாம். ஒட்டிய கட்டையின் அடிப்பரப்பைச் சமன்செய்ய வேறோர் இழைப்புளியையோ, தட்டையான பரப்பில் விரித்த உப்புத்தாளையோ பயன்படுத்துவர். அப்போது அலகு கட்டைக்குள் ஆப்பிட்டு இறுக்கப்பட்டிருக்க வேண்டும். ஆனால் முனை வெளியே நீட்டக் கூடாது. ஆப்பின் அழுத்தம் கட்டையைச் சிறிதே வளைப்பதால், அழுத்தமின்றிச் சமன்செய்த பரப்பு வேலையின்போது சமமாக இராது. பெயர் பொறிக்க விரும்புவோர் முன்முகத்தில் பொறிப்பர். செலோர் பொறித்ததும் அவ்விடத்தில்தான்.