உயரம் அளத்தல்: முசாஷியின் சில பத்திகளுக்கு உரை

ஜப்பானிய வாள்வீரர் மியாமோத்தோ முசாஷி 1643இல் குமாமோத்தோ அருகே ரெய்கந்தோ குகையில் எழுதத் தொடங்கி, 1645இல் இறப்பதற்குச் சற்று முன் முடித்த நூல் ‘கோரின் நோ ஷோ’. அதன் இரண்டாம் பகுதியான நீர்ச்சுருளில், எதிரியை நெருங்குவது பற்றிச் சிறு பத்திகள் அடுத்தடுத்து வருகின்றன. குட்டையருக்கென்று எழுதியவை அல்ல, எல்லா வாள்வீரருக்கும் பொது. ஆனாலும் பயிற்சிச் சண்டையான ஸ்பாரிங்கில் தன்னைவிட ஒரு தலை உயர்ந்தவர் எதிரே நிற்பவருக்கு இவற்றைவிட நெருக்கமான பாடம் கிடைப்பது அரிது.

முதலாவது, குட்டைக்கைக் குரங்கின் உடல். கையை நீட்டும் எண்ணமே வேண்டாம், எதிரி வெட்டுமுன் உடலோடு உள்ளே போ என்கிறது பத்தி. நீட்ட நினைத்தால் உடல் பின்தங்கிவிடுமாம்.

நெட்டையருக்கும் குட்டையருக்கும் இடையே மூன்று தூரங்கள் உண்டு. யார் கையும் யாரையும் தொடாத தூரம் ஒன்று; இருவர் கையும் எட்டும் தூரம் இன்னொன்று. இவற்றின் நடுவே, நெட்டையர் கை குட்டையரான உங்களைத் தொடும், உங்கள் கை அவரைத் தொடாது. அடி விழுவதெல்லாம் அங்கேதான். அந்த இடத்தில் நின்றுகொண்டு எட்டி எட்டிக் குத்துகிறவரின் எடை முன்காலில் சாய்கிறது, தாடை திறந்துகொள்கிறது, குத்தும் போய்ச் சேருவதில்லை. முதலில் கால் நுழைய வேண்டும், பிறகுதான் கை. அவர் ஜாப் வீசிக் கையைத் திரும்ப இழுக்கும் கணம் அதற்கு நல்ல வாய்ப்பு. 178 செ.மீ. உயரமே உள்ள மைக் டைசன் 1986இல் இருபது வயதில் குத்துச்சண்டை ஹெவிவெயிட் பட்டம் வென்றது இந்த வழியில்தான்: கைகள் கன்னத்தோடு, தலை ஓயாமல் அசைய, உடல் உள்ளே.

இரண்டாவது, அரக்கும் பசையும் போல ஒட்டும் உடல். தலை, உடல், கால் மூன்றும் ஒன்றாகப் போய் ஒட்ட வேண்டும். பலரும் தலையையும் காலையும் விரைந்து கொண்டுபோய் உடலை மட்டும் பின்னால் விட்டுவிடுகிறார்கள் என்கிறார் முசாஷி.

என் கணக்கில் இந்தத் தொகுதியிலேயே கூர்மையான கவனிப்பு இதுதான். எந்தப் பயிற்சிக்கூடத்திலும் இன்றைக்கும் இதைப் பார்க்கலாம். பயம் இடுப்பைப் பின்னுக்கு இழுக்கும், துணிச்சல் தலையை முன்னுக்குத் தள்ளும். ஆள் இடுப்பில் மடிந்து நிற்பார். குத்துச்சண்டையில் அந்த முகத்துக்கு அப்பர்கட் வரும். முவே தாயில் பிடரியைப் பிடித்து முழங்கால் ஏற்றுவார்கள். டேக்வாண்டோவில் குனிந்த தலை உதையின் பாதைக்கே இறங்கி வருகிறது. தாழ வேண்டுமானால் முழங்காலை மடித்துத் தாழ வேண்டும். முதுகு நேராக இருக்கட்டும்.

மூன்றாவதுதான் உயரம் அளத்தல். நெருங்கியபின் உடலைக் குறுக்காதே. காலை, இடுப்பை, கழுத்தை நீட்டி, முகத்துக்கு முகம் வைத்து, உயரப் போட்டியில் வெல்பவன் போல் நில் என்கிறது.

குட்டையானவர் நிமிர்ந்தால் மட்டும் உயர்ந்துவிடுவாரா? மாட்டார். நுழையும்வரை தாழ்வதும் நுழைந்தபின் நிமிர்வதும் வேறு வேறு வேலை. உள்ளே வந்த பிறகும் கூனி நிற்பவரின் கழுத்தில் நெட்டையர் தம் எடையைச் சாய்த்து ஓய்வெடுப்பார். நிமிர்ந்தால் அந்தச் சாய்மானம் போய்விடும். கால் நீளும் விசை குத்துக்கும் சேரும். 1971 மார்ச் 8, மாடிசன் ஸ்கொயர் கார்டன்: பதினைந்தாவது சுற்றில் தம்மைவிட உயரமான முகமது அலியை ஜோ ஃபிரேசியர் வீழ்த்திய இடது ஹூக், தாழ்ந்த நிலையிலிருந்து எழும்பி வந்தது.

அடுத்த பத்தி ஒட்டிக்கொண்டே இருப்பதைப் பற்றியது. ஒட்டுவது வலிமை, சிக்கிக்கொள்வது பலவீனம் என்று பிரிக்கிறது. ஸ்பாரிங்குக்கு ஒன்று சேர்த்துக்கொள்ளலாம். நேர்பின்னால் வெளியேறினால் அந்த நடுத்தூரத்தை மறுபடி கடக்க நேரும். பக்கவாட்டில் விலக வேண்டும்.

இந்தப் பத்திகள் முழு விடை அல்ல. 2009இல் நியூரம்பெர்க்கில் 213 செ.மீ. உயர நிக்கோலாய் வலுயேவை, குத்துச்சண்டை வீரர் டேவிட் ஹே உள்ளே போய் ஒட்டிக்கொண்டு வெல்லவில்லை. வெளியே சுற்றி, பாய்ந்து அடித்து, விலகி, புள்ளிக்கணக்கில் வென்றார். எதிரி மெதுவானவர் என்றால் அந்த வழியே மேல். இன்னொரு வேடிக்கை: நீள வாளை நம்புவோரை அதே நூலின் காற்றுச்சுருளில் கண்டிக்கும் முசாஷியே, தம் எதிராளி சசாகி கோஜிரோவின் நீண்ட வாளை எதிர்க்க அதைவிட நீளமான மரவாள் செதுக்கிக்கொண்டு போனார் என்றுதான் மரபுக்கதை சொல்கிறது.

நீர்ச்சுருளில் அடுத்து வரும் தோள்மோதல் பத்தி, இடது தோளால் எதிரியின் மார்பில் மோதச் சொல்கிறது. இன்றைய குத்துச்சண்டை விதிப்படி அது தவறு. ஆனால் மோதும்போது முகத்தைச் சற்றே பக்கம் திருப்பிக்கொள் என்று அங்கே சொல்வதை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே நுழையப் பழகும் நாட்களில் தலைகள் முட்டிக்கொள்ளும். பல்காப்பு இல்லாமல் தொடங்காதீர்கள்.