ரேகைச் சட்டமும் விடுதிச் சோறும்

மதுரைச் சுற்றுவட்டாரத்தில் விடுதியோடு கூடிய பள்ளிகள் என்ன சாதித்தன என்று அறிய, வகுப்பறையைவிட அவற்றின் சாப்பாட்டுக் கூடத்தையே முதலில் பார்க்க வேண்டும். 1834இல் வந்த அமெரிக்க மிஷன், 1842இல் திருமங்கலத்தில் தொடங்கிய குருமடப் பள்ளியை 1845இல் பசுமலைக்கு மாற்றியது. மாணவர்கள் அங்கேயே தங்கிப் படித்தார்கள். எல்லோரும் ஒன்றாக உண்ண வேண்டும் என்று 1847இல் மிஷன் கண்டிப்புக் காட்டியபோது பலர் வெளியேறினர். நெல்லைச் சீமையின் சேரன்மாதேவி குருகுலத்தில் 1920களில் வெடித்த பிரச்சினையும் பந்தியைப் பற்றியதுதான். பகலில் ஒரே பெஞ்சில் உட்காரச் சம்மதித்தவர்கள்கூட ஒரே வரிசையில் இலை போட மறுத்தார்கள். பகல்நேரப் பள்ளி தொடாமல் விட்ட இடத்தை விடுதி தொட்டது என்பதே என் வாதம்.

மேற்கே உசிலம்பட்டிப் பக்கம் கதை இன்னும் கடுமையானது. 1871இல் பிறந்த குற்றப் பரம்பரைச் சட்டம், 1914 முதல் பிறமலைக் கள்ளர் ஊர்களில் படிப்படியாக அமலுக்கு வந்தது. மக்கள் அதை ரேகைச் சட்டம் என்றார்கள். ஆண்கள் கைரேகை பதிய வேண்டும். வெளியூர் போக ராதாரிச் சீட்டு வேண்டும். இதை எதிர்த்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் சுட்டதில், மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் இறந்தார்கள். அதே காலத்தில், அதே அரசுதான் கள்ளர் சீரமைப்பு என்ற பெயரில் பள்ளிகளையும் விடுதிகளையும் திறந்தது. தந்தையைக் கண்காணித்த அரசே மகனுக்குச் சோறு போட்டது. அப்படியானால் விடுதியும் கண்காணிப்பின் இன்னொரு கைதானே என்று கேட்பவர்கள் உண்டு. நோக்கத்தைப் பொறுத்தவரை அந்தக் கேள்வி முழுக்க நியாயமானது. கனடாவிலும் அமெரிக்காவிலும் பழங்குடிக் குழந்தைகளைத் தொலைதூர விடுதிகளில் அடைத்து, தாய்மொழியையே பறித்தார்கள். இங்கே பிள்ளைகள் தங்கள் சீமையிலேயே, தங்கள் பேச்சிலேயே வளர்ந்தார்கள். அந்த வேறுபாடு பெரிது. 1947இல் சென்னை மாகாணத்தில் சட்டம் ஒழிந்தது, பள்ளிகள் நிலைத்தன. மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் இன்றும் நடக்கும் அவற்றைப் பள்ளிக்கல்வித் துறையுடன் இணைப்பதாக 2023இல் அரசு அறிவித்தபோது, எதிர்ப்பு அந்த மக்களிடமிருந்தே வந்தது. அடக்குவதற்காக வந்த ஒன்றை அவர்கள் தங்கள் சொத்தாக்கிக்கொண்டார்கள் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

காந்தியர்கள் நடத்திய விடுதிகள் வேறு வழியில் வந்தவை. 1939 ஜூலை 8 அன்று மீனாட்சி கோயிலுக்குள் ஒடுக்கப்பட்டோரை அழைத்துச் சென்ற வைத்தியநாதய்யரின் ஹரிஜன சேவைக்குள் விடுதிப் பணியும் அடங்கும். அந்தப் பணியில் அவருக்குத் துணை நின்ற தும்பைப்பட்டி கக்கன் பின்னாளில் மாநிலத்தின் உள்துறை அமைச்சரானார்.

இப்போது ஊருக்கு ஊர் பள்ளி, இலவச பஸ் பாஸ், மதிய உணவு எல்லாம் இருக்கின்றன; 2022 செப்டம்பரில் மதுரையிலேயே காலை உணவுத் திட்டமும் தொடங்கிவிட்டது; இனி விடுதி எதற்கு என்பது வலுவான கேள்வி. விடுதியின் வேலையில் ஒரு பாதியைப் பள்ளியே ஏற்றுக்கொண்டது உண்மை, நல்லதும்கூட. ஆனால் காலை உணவு ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. பெற்றோர் பிழைப்புக்காகத் திருப்பூருக்கோ கேரளத்துக்கோ போன வீட்டில், பத்தாம் வகுப்புப் பெண்ணுக்கு இரவுச் சாப்பாடும் பயமில்லாத படுக்கையும் படிக்க விளக்கும் யார் தருவது? பஸ் பாஸ் அதைத் தராது. தனியார் உறைவிடப் பள்ளிகள் தரும். அவற்றின் கட்டணத்தை அந்த வீடு கட்ட முடியாது. 2025இல் அரசு தன் நலத்துறை விடுதிகளுக்குச் சமூகநீதி விடுதிகள் என்று ஒரே பெயர் சூட்டியது. சாதிப் பெயர் பலகையிலிருந்து இறங்கியது சரியான முடிவு. அடுத்து சமையற்கட்டைக் கவனிக்க வேண்டும்: 2023இல் உயர்த்தப்பட்ட பிறகும் பள்ளி மாணவருக்கான உணவுப்படி மாதம் 1,400 ரூபாய்தான், அதாவது மூன்று வேளைக்கும் சேர்த்து நாளொன்றுக்கு 47 ரூபாய்க்கும் குறைவு. அதை உயர்த்தும்படி கேளுங்கள்.