காரீயமா, பென்சிற்கரியா? இலங்கைச் சுரங்கமும் லக்சபான மின்சாரமும்

இலங்கையின் காரீயத் தொழில் ஏன் சுரங்கவாயோடு நின்றுவிட்டது என்ற கேள்விக்கு வலுவான விடை குமாரி ஜயவர்தனவுடையது. 2000இல் வெளிவந்த 'நோபடீஸ் டு சம்படீஸ்' நூலில், சாராயக் குத்தகையில் முதல் சேர்த்த குடும்பங்களின் கதையை அவர் சொல்கிறார். அந்தப் பணம் தோட்டங்களுக்கும் காரீயச் சுரங்கங்களுக்கும் கொழும்பு வீடுவளவுகளுக்கும் போனது, ஆலைகளுக்குப் போகவில்லை. குத்தகைக்காரரின் குணம் முதலாளியிடமும் தங்கிவிட்டது என்பதே அவர் வாசிப்பின் சாரம் என்று நான் புரிந்துகொள்கிறேன். டி. எஸ். சேனாநாயக்கவின் தந்தை டொன் ஸ்பேட்டர் காரீயத்தில் செல்வம் சேர்த்தவர். கஹட்டகஹ சுரங்கத்தைச் சுற்றி அட்டிகல, கொத்தலாவல, சேனாநாயக்க குடும்பங்கள் மணவழியில் பிணைந்தன. சுரங்கத்துப் பணம் நிலமாகவும் அரசியலாகவும் மாறியது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆலை எழாததற்கு அந்த வர்க்கத்தின் குணத்தை முதற்காரணமாக்குவதைத்தான் ஏற்க முடியவில்லை.

என் மறுப்பு ஒரு சொல்லில் தொடங்குகிறது. இந்தக் கனிமத்துக்குத் தமிழில் இரு பெயர்கள் புழங்குகின்றன: காரீயம், பென்சிற்கரி. காரீயம் என்பது ஈய உலோகத்தின் பழம்பெயர். வெள்ளீயம் அதன் இணை. கறுத்து மினுங்கும் கல்லை ஈயத்தின் உறவாக எண்ணிய பிழை தமிழுக்கு மட்டும் உரியதல்ல. ஆங்கில வணிகர் வழங்கிய 'பிளம்பேகோ'வும் ஈயத்தின் இலத்தீன் பெயரிலிருந்தே வந்தது. அது கரியே என்று வேதியியலாளர் ஷீலே 1779இல் காட்டிய பிறகும் சந்தையில் பழைய பெயர் போகவில்லை. பெயர்ப்பிழை சிறியதுதான்; அதில் ஒரு பொருளாதார நம்பிக்கை ஒட்டிக்கொண்டிருந்தது என்பதே என் ஊகம். ஈயமென்றால் மண்ணிலிருந்து தோண்டித்தான் எடுக்க வேண்டும். கரியென்றால் வேறு கரியிலிருந்தும் ஆக்கலாம்.

ஆக்கியும் விட்டார்கள். எட்வர்ட் அச்செசன் 1896இல் செயற்கைக் காரீயத்துக்குக் காப்புரிமை பெற்றார். அவருடைய உலைகள் நயாகரா அருவியின் மின்சாரத்தில் எரிந்தன. இலங்கைக் காரீயத்தின் பெரிய சந்தையோ உருக்கும் வெண்கலமும் வார்க்கும் மூசைகள். மின்னுலை பரவப் பரவ உருக்குக்கு மூசை வேண்டாமல் போனது. அந்த உலைகளின் மின்வாய்களுக்கு அச்செசன் வழிச் செயற்கைக் காரீயம் வந்து சேர்ந்தது. முதல் உலகப் போர்க்காலத்தில் சுமார் 30,000 தொன்னைத் தொட்ட ஏற்றுமதி போர் முடிந்ததும் சரிந்தது. இங்கே ஓர் இடறல் உண்டு. அதே ஆண்டுகளில் மடகஸ்காரின் மலிவான தகட்டுக் காரீயமும் மூசைச் சந்தையில் நுழைந்தது. சரிவில் எவ்வளவு மடகஸ்காருடையது, எவ்வளவு மின்னுலையுடையது என்று பிரித்துக் காட்ட முடியவில்லை; போர் இரண்டின் தடங்களையும் கலைத்துவிட்டது.

ஆனால் 1918ஐ விட்டுவிட எனக்கு மனமில்லை. காரீயம் வீழத் தொடங்கிய அதே ஆண்டில்தான் பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர இலங்கையின் நீர்மின் வளம் பற்றிய தம் கட்டுரையை வாசித்தார். அவர் சுட்டியது எங்கள் மலையாறுகளை: கெசல்கமு ஓயாவையும் மஸ்கெலியா ஓயாவையும். அங்கே லக்சபான நீர்மின் நிலையத்திலிருந்து மின்சாரம் பாய்ந்ததோ 1950இல். இடையே 32 ஆண்டுகள். நயாகராவில் அருவி இருந்தது, காரீயமில்லை, கரியைக் காரீயமாக்கினார்கள். இங்கே இரண்டும் இருந்தன, நடுவே மின்கம்பியில்லை. அக்கம்பி இருந்திருந்தால் சுரங்க முதலாளி ஆலை கட்டியிருப்பார் என்று நிறுவ நேரான சான்று என்னிடமில்லை. கட்டமாட்டார் என்று சொல்லவும் சான்று போதாது. மலிவான மின்சாரம் இல்லாத நாட்டில் ஆலை கட்டாததை வைத்து ஒரு வர்க்கத்தின் குணத்தை அளப்பது தகாது.

ஜயவர்தனவின் பக்கம் நின்று ஒன்று கேட்கலாம்: கம்பி இழுக்க விடாதது யார்? 1931 முதல் அரசாங்க சபையில் விமலசுரேந்திர உறுப்பினர், காரீயக் குடும்பத்து சேனாநாயக்க அமைச்சர். அந்தத் தாமதத்தில் உள்ளூர் மேட்டுக்குடியின் பங்கை நான் மறுக்கவில்லை. வந்த மின்சாரமும் யாருக்கு வந்தது? நோர்வூட்டுக்குக் கீழே காசல்ரீ அணை எழுந்து, 1965இல் விமலசுரேந்திர மின்நிலையம் சுழலத் தொடங்கிய பிறகும், சுற்றியிருந்த தோட்டத் தொழிலாளரின் லயக் காம்பராக்களில் நெடுங்காலம் குப்பி விளக்குத்தான் எரிந்தது.

சுரங்கங்கள் 1971இல் அரசுடைமையாயின. இன்று கஹட்டகஹ சுரங்கம் அரசிடமும் போகல சுரங்கம் தனியாரிடமும் உள்ளன. 2050இல் நிகர பூச்சிய உமிழ்வு என்று இலங்கை அறிவித்திருக்கிறது. உலகமெங்கும் லிதியம் பற்றரியின் எதிர்மின்வாய்க்குக் காரீயம் தேவைப்படுகிறது. எங்களுடையது பாறைப் பிளவுகளில் படிந்த தூய நாளக் காரீயம். பற்றரித் தொழிலோ தகட்டுக் காரீயத்தையும் பெற்றோலியக் கரியிலிருந்து ஆக்கும் செயற்கைக் காரீயத்தையும் சுற்றி வளர்ந்தது. பதப்படுத்தலில் பெரும்பங்கு சீனாவிடம். செயற்கைக் காரீயத்துக்கு மின்சாரம் ஏராளமாக வேண்டும். நிலக்கரி மின்சாரத்தில் ஆக்கினால் உமிழ்வு கூடும். கெசல்கமு ஓயாவின் மின்சாரத்தில் நாளக் காரீயத்தைப் பதப்படுத்தினால் எந்த விலைக்கு விற்கலாம் என்பது 1918இலேயே கேட்டிருக்க வேண்டிய கணக்கு.