காது குத்தினப்ப கையெழுத்து போட்டது யாரு?

போன மாதம் பெண்ணுக்கு மூக்கு குத்தப் போனோம். இங்கே புனேயில் ஒரு மாலுக்குள் இருக்கும் கடை. அவளுக்கு வயது 16. கடைப் பையன் ஒரு படிவத்தை நீட்டி, 18 ஆகவில்லை என்றால் அப்பா கையெழுத்து வேண்டும் என்று ஹிந்தியில் சொன்னான். என் மனைவி பேனாவை எடுத்தாள். "மேடம், அப்பா" என்றான் மறுபடியும்.

பெண் என் பக்கம் திரும்பி, "பதினோராம் மாசம் காது குத்தினீங்களே, அப்ப யாரு கையெழுத்து போட்டா?" என்றாள். பதில் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து பழைய சரித்திரத்தைப் புரட்டினேன்.

சுஸ்ருத சம்ஹிதையில், சூத்திரஸ்தானத்தின் 16வது அத்தியாயம் பெரும்பாலும் காது விஷயம்தான். ஆறாவது அல்லது ஏழாவது மாதத்தில் குத்த வேண்டும். ஆண் குழந்தைக்கு முதலில் வலது காது, பெண்ணுக்கு இடது. மடியில் வைத்து விளையாட்டுக் காட்டி, வெயில் வெளிச்சம் ஊடுருவித் தெரியும் இடமாகப் பார்த்துக் குத்த வேண்டும். நம் ஊரில் அந்த மடி தாய்மாமனுடையது, ஊசி ஆசாரியுடையது. நாள், இடம், முறை எல்லாவற்றுக்கும் விதி உண்டு. குழந்தையின் சம்மதம் என்ற பேச்சே இல்லை.

சம்மதத்துக்கு வயது என்ற கணக்கைக் கொண்டுவந்தது வெள்ளைக்காரன் சட்டம். மெக்காலே தலைமையிலான கமிஷன் 1837ல் வரைவு தயாரித்தது. 1860ல் இந்திய தண்டனைச் சட்டமாக நிறைவேறி, 1862 ஜனவரி 1 முதல் அமலுக்கு வந்தது. அதன் 87வது பிரிவுப்படி, கொடுங்காயம் ஏற்படாத செயலுக்குத் தன் உடம்பின் மீது சம்மதம் தர 18 வயது தாண்டியிருக்க வேண்டும். 89வது பிரிவு 12 வயதுக்குட்பட்ட குழந்தைக்கானது. அதன் நன்மைக்காக, நல்லெண்ணத்தோடு, பாதுகாவலர் சம்மதத்துடன் செய்தால் குற்றமில்லை. நம் காதுகுத்துக் கல்யாணங்கள் இந்த நிழலில்தான் நடந்து வந்தன என்று எடுத்துக்கொள்ளலாம். 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. பிரிவு எண்கள் 25, 27 என்று மாறினவே தவிர, இந்த வயதுகள் மாறவில்லை.

கவனித்தீர்களா? 12க்கும் 18க்கும் நடுவில் இருக்கும் பிள்ளை அழகுக்காக மூக்கு குத்திக்கொண்டால் என்ன என்று இந்தப் பிரிவுகள் நேராகச் சொல்லவில்லை. பெற்றோரிடம் கடைக்காரர்கள் கையெழுத்து கேட்பது தங்கள் பாதுகாப்புக்காகத்தான். மைனர் போட்ட ஒப்பந்தம் செல்லாது என்று பிரிவி கவுன்சில் 1903லேயே, மோஹரி பீபி வழக்கில், சொல்லிவிட்டது. பேங்கில் சேர்ந்த புதிதில் எங்களுக்குச் சொல்லித்தரும் பாலபாடம் இது.

சரி, ஏன் அப்பா மட்டும்? 1956ம் வருட ஹிந்து மைனர் பாதுகாவலர் சட்டம், மைனருக்கு இயற்கைப் பாதுகாவலர் தகப்பனார், அவருக்குப் பிறகு தாயார் என்கிறது. 1984ல் எழுத்தாளர் கீதா ஹரிஹரன், கோயமுத்தூரில் பிறந்தவர், தன் சிறு மகன் பெயரில் ரிசர்வ் வங்கிப் பத்திரம் வாங்க விண்ணப்பித்தார். தாய் கையெழுத்து போதாது என்று வங்கி திருப்பிவிட்டது. உச்ச நீதிமன்றம் வரை போனார். 1999ல் தீர்ப்பு வந்தது. 'அவருக்குப் பிறகு' என்றால் தகப்பன் செத்த பிறகு என்று மட்டும் அர்த்தமில்லை, அவர் பொறுப்பில் இல்லாதபோதும் தாயே பாதுகாவலர் என்றார்கள். நல்ல தீர்ப்புதான். ஆனால் நான் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்ததால், எழுத்துப்படி கடைப் பையன் சொன்னது முழுத் தப்பும் இல்லை. அதுதான் உறுத்தியது. மகளை வளர்த்ததில் பாதிக்கு மேல் அவள் அம்மாவின் உழைப்பு.

அன்று கடைசியில் மூன்று பேருமே கையெழுத்து போட்டோம். கட்டத்துக்குள் நான், அதன் கீழே அம்மா, அதற்கும் கீழே, கட்டமே இல்லாத இடத்தில், படிவத்தை ஒரு வரி விடாமல் படித்துவிட்டுப் பெண்.

திரும்பி வரும்போது, "காது குத்தினதுக்குக் கோபமாம்மா?" என்று கேட்டேன்.

"அது ஞாபகமே இல்லப்பா. இது ஞாபகம் இருக்கும்" என்றாள்.